பங்காளித் தயிர்

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், வருகிற தை மாதம் முதல் தேதி தொட்டுத் தமிழ்நாட்டில் சாம்பார் கெடாது.

இந்த அறிவிப்பை மேடையில் படித்தவர் கோவை உணவுக் காப்பு ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநர் டாக்டர் குணாளன். படிக்கும்போது அவர் குரல் தழுதழுத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மேலே படித்தார். சாம்பார் மட்டுமல்ல, ரசம், பொரியல், கீரை மசியல், தேங்காய்ச் சட்னி, இவை எதுவுமே இனிக் கெடாது. தேங்காய்ச் சட்னி என்ற இடத்தில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. மனித குலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது, இன்று நித்தியத்தைக் கண்டது என்று இயக்குநர் முடித்தார்.

நித்தியம் என்பது கட்டைவிரல் உயரக் குப்பியில் இருந்த மங்கலான நீர். ஒரு குண்டான் சாம்பாருக்கு ஒரு சொட்டு. ஒரு மாதம் வெளியிலேயே வைத்திருந்தாலும் நாறாது, நுரைக்காது, நூல் விடாது. நிரூபணமாக மேடையில் ஓர் அண்டா நின்றது. போன மாதம் வைத்த சாம்பார். பெரிய மனிதர்கள் எல்லோருக்கும் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார்கள். மறுநாள் பத்திரிகையில் வந்த படத்தில் இயக்குநரின் கரண்டி அவர் வாய்க்கு ஒரு விரற்கடை தூரத்தில் நிற்கிறது. அது அதற்கு மேலும் பயணம் செய்தது என்பதற்குச் சாட்சி இல்லை.

கண்டுபிடித்தவர் டாக்டர் அர்த்தநாரி. நொய்யல் கரையில் தோண்டியெடுத்த ஒரு பானை ஓட்டைச் சுரண்டி, அந்தச் சுரண்டலுக்குள் உறங்கிக் கிடந்த ஒரு பாக்டீரியாவைத் தட்டி எழுப்பினாராம். ஈராயிரம் ஆண்டு உறக்கம். அது சுரக்கிற பொருள்தான் நித்தியம். அந்தப் பாக்டீரியாவுக்கு உலக விஞ்ஞானிகள் சபை லாக்டோபேசில்லஸ் அர்த்தநாரியென்சிஸ் என்று பெயர் சூட்டியிருப்பதாக அறிவித்தபோது, மூன்றாவது வரிசையில் ஒருவருக்கு அடிவயிற்றிலிருந்து தொண்டை வரை எரிந்தது.

அவர் டாக்டர் சென்னியப்பன். அதே கழகத்தில் அர்த்தநாரி வகிக்கும் அதே பதவி.

"என்சிஸ்னு முடிஞ்சா ஊரைக் குறிக்கும். ஆளைக் குறிக்காது," என்றார் பக்கத்தில் இருந்த ஹசீனாவிடம். ஹசீனா அவருடைய பிரிவில் மரபணு வாசிக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆராய்ச்சியாளர்.

"மெதுவாப் பேசுங்க சார்."

"இவன் என்ன ஊரா? இவனுக்கு பஸ் ஸ்டாண்டு இருக்குதா?"

"சார், கேமரா நம்ம பக்கம் திரும்புது. சிரிங்க."

சென்னியப்பன் சிரித்தார். அந்தப் படத்தைப் பத்திரிகைக்காரர்கள் நல்லவேளையாகப் போடவில்லை.

சென்னியப்பனும் அர்த்தநாரியும் பங்காளிகள். அண்ணன் தம்பி பிள்ளைகள். அர்த்தநாரி மூன்று மாதம் மூத்தவர். அந்த மூன்று மாதத்தைச் சென்னியப்பன் இன்னும் மன்னிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, கல்லூரியில் ஒரே பாடம், வேலை ஒரே கழகம், வடவள்ளியில் அடுத்தடுத்த மனையில் வீடு. எல்லாம் ஒற்றுமையாக இருக்கட்டும் என்று குடும்பத்தார் பார்த்துப் பார்த்துச் செய்தது. பகை வளர இதைவிட நல்ல உரம் இன்னும் எந்த ஆராய்ச்சிக் கழகத்திலும் கண்டுபிடிக்கப்படவில்லை. குலதெய்வக் கோயில் நோம்பியில் பரிவட்டத்தை முதலில் அர்த்தநாரி தலையில் கட்டிவிட்டார்கள். அன்றோடு பேச்சு நின்றது. சென்னியப்பன் நடுச்சுவரை இரண்டடி உயர்த்தினார். அர்த்தநாரி தன் பங்குக்கு அதன் மேல் கண்ணாடிச் சில்லுப் பதித்தார். காலையில் இரண்டு கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கட்டடத்துக்குப் போய், மாலையில் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. முந்துவது யார் என்பதில் மருதமலை சாலையில் சில நாய்கள் உயிர் தப்பின.

விழா முடிந்த மறுவாரம் ஹசீனா ஒரு கண்ணாடித் தட்டைக் கொண்டுவந்து சென்னியப்பன் மேசையில் வைத்தாள்.

"சார், நித்தியத்துல ஒரு வில்லங்கம் இருக்கு."

சென்னியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பல மாதங்களாக அவர் காதில் விழுந்த வார்த்தைகளில் இதுதான் இனிமையானது.

"சொல்லும்மா. நிதானமாச் சொல்லு."

"இது ஆன்டிபயாடிக் மாதிரி கண்டதையும் கொல்ற விஷம் இல்ல சார். ஒரு பாக்டீரியா, தன் சோத்துல பங்குக்கு வர்றவனைப் பாத்து மட்டும் விடற விஷம். எவ்வளவு நெருங்கின சொந்தமோ அவ்வளவு சீக்கிரம் சாவும். தூரத்துச் சொந்தத்தைக் கண்டுக்கவே கண்டுக்காது."

"பங்காளியை மட்டும்."

"அப்படியும் சொல்லலாம். தான் விட்ட விஷத்துல தானே செத்துடாம இருக்க, மாத்து மருந்தையும் உள்ளுக்குள்ளயே வெச்சுக்கும்."

சென்னியப்பன் தட்டை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பாக்டீரியாவின் மேல் அவருக்கு மரியாதை வந்தது.

"இதுல செத்துக் கிடக்கறது யாரு?"

"அதான் சார் வில்லங்கம். இதெல்லாம் தயிரை உறைய வைக்கறது, மாவைப் பொங்க வைக்கறது. சாம்பாரைப் புளிக்க வெச்சா கெட்டவன், பாலைப் புளிக்க வெச்சா நல்லவன்னு நாமதான் பிரிச்சு வெச்சிருக்கோம். அதுக்கு எல்லாரும் ஒரே வம்சம். பால்ல நித்தியம் போட்டா தயிர் உறையாது. உளுந்துல தெளிச்சா மாவு பொங்காது. பால் கம்பெனிக்காரங்க இப்பவே வரிசையில நிக்கறாங்க. இன்னிக்கே இயக்குநர்கிட்ட சொல்லிடணும்."

"சொல்லலாம்."

"எப்ப சார்?"

"பங்குனியில உலக மாநாடு வருதில்ல? அவனுக்கு மாலை போடறாங்க. மாலை விழட்டும். அப்புறம் சொல்லலாம்."

ஹசீனா அவரையே பார்த்தாள். "நடுவுல ஊர்ல தயிர்?"

"ஊர் கொஞ்ச நாள் மோர் குடிக்காம இருந்தா செத்துப் போயிடாது," என்று சொல்லித் தட்டை வாங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

நித்தியம் கடைக்கு வந்தது. முதல் மாதம் ஊரே கொண்டாடியது. பழைய குழம்பைக் கொட்டுகிற பாவம் ஒழிந்தது என்றார்கள். அதோடு வேறு சிலதும் ஒழிந்தன. அதுவரை கல்யாண மண்டபங்களில் பந்தி முடிந்ததும், மிஞ்சினதை அநாதை இல்லத்து வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். "சீக்கிரம் எடுத்துட்டுப் போங்க, கெட்டுப் போயிரும்" என்று மண்டபத்துக்காரரே போன் செய்வார். இப்போது மிஞ்சினது டிரம்மில் ஏறி, டிரம் சம்பந்தி வீட்டு டிக்கியில் ஏறியது. கல்யாணத்துக் குருமா வளைகாப்புக்கு வந்தது. தெருவில் பக்கத்து வீட்டுக்குப் போகிற கிண்ணங்கள் நின்றன. வேலைக்கு வரும் பெண்களுக்கு "இதை நீ எடுத்துக்க" என்று யாரும் சொல்லவில்லை. எதிர்வீட்டில் பொங்கலுக்குச் செய்த பால்கோவா இன்னும் அரைத் தூக்கு இருக்கிறதாம் என்று தெரு முழுக்க வயிறு எரிந்தது. நம் தருமமெல்லாம் அன்பினால் நடக்கிறது என்று நம்பியிருந்தோம். ஊசிப்போகும் என்ற பயத்தினால் நடந்திருக்கிறது.

அடுத்து பால் பாக்கெட்டில் நித்தியம் கலந்தார்கள். அரிசி ஆலையிலும் பருப்பு மண்டியிலும் தெளித்தார்கள். பால் வாரக்கணக்கில் பாலாகவே இருந்தது; தயிராக மாட்டேன் என்றது. எத்தனை உறைமோர் ஊற்றினாலும் விடிந்து பார்த்தால் வெள்ளைத் தண்ணீர். மாமியார்கள் மருமகள்களின் கையைச் சந்தேகப்பட்டார்கள். தண்ணீர் சரியில்லை என்றார்கள், கிரகம் சரியில்லை என்றார்கள். விஷயம் தெரிந்த இருவர் வடவள்ளியில் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள்.

ஆமாம், இருவர். அதை முதலில் கண்டுபிடித்தது சென்னியப்பனின் தங்கை நவமணி. அவள் சிங்காநல்லூரில் இட்லிமாவு அரைத்து ஹோட்டல்களுக்குப் போடுகிறவள். நான்கு பெண்களை வேலைக்கு வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் ஒரு தூக்குப் போசியோடு வந்து அண்ணன் எதிரில் வைத்துத் திறந்தாள்.

"பாருங்ணா. நேத்து அரைச்ச மாவு."

போசிக்குள் மாவு அசையாமல் கிடந்தது. ஒரு நுரை இல்லை, ஒரு வாசம் இல்லை.

"உளுந்து மாத்திப் பாத்தேன். அரிசி மாத்திப் பாத்தேன். கல்லைக் கொத்தி வெச்சுப் பாத்தேன். வெந்தயத்தை அள்ளிப் போட்டுப் பாத்தேன். ஊத்தினா இட்லி வரலீங்ணா, ஓடுதான் வருது. ஹோட்டல்காரங்க பூராவும் நின்னுட்டாங்க. போன வாரம் ஒருத்தரு இட்லிய என்ற முன்னாடியே சுவத்துல எறிஞ்சாரு. சுவரு பேந்துருச்சு."

சென்னியப்பன் மாவைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

"பனிக்கு மாவு பொங்காது."

"எங்கீங்ணா பனி? வேர்த்து ஊத்துது."

"பாக்கலாம். பங்குனி வரைக்கும் பொறுத்துக்க."

நவமணி போசியை மூடினாள். "பங்குனியில என்ன இருக்குது?"

"ஏன்?"

"பெரியண்ணாகிட்டயும் போனேன். அவரும் ஜன்னலப் பாத்துட்டு பங்குனின்னுதான் சொன்னாரு."

சென்னியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவனா? அவன் எதுக்குப் பங்குனின்னான்?"

"அது எனக்கென்னுங்ணா தெரியும்? ரெண்டு டாக்டருக்குத் தங்கச்சின்னு ஊரெல்லாம் பீத்திக்கறேன். ஒருத்தராச்சும் வாயத் தொறக்க மாட்டேங்கறீங்க. நீங்க ரெண்டு பேரும் கட்டிப் பொரளறீங்க, அடியில கெடந்து நசுங்கறது என்ற கடை."

அவள் போனபிறகும் அர்த்தநாரி ஏன் பங்குனி என்றான் என்றே சென்னியப்பன் யோசித்துக்கொண்டிருந்தார். கடையைப் பற்றி யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. மாசி முடிவதற்குள் நவமணி கிரைண்டர்கள் மேல் சாக்கைப் போர்த்தி மூடினாள். நான்கு பெண்களும் பனியன் கம்பெனி பஸ்ஸில் ஏறினார்கள்.

பங்குனி வந்தது. மாநாட்டில் அர்த்தநாரிக்கு ஆளுயர மாலை விழுந்தது. விழுந்த கையோடு சென்னியப்பன் எழுந்து, ஒலிபெருக்கியை வாங்கி, பூட்டி வைத்திருந்த தட்டைத் திரையில் காட்டினார். நித்தியம் தயிரைக் கொல்கிறது, மாவைக் கொல்கிறது, தமிழனின் காலைப் பலகாரத்தையே கொல்கிறது என்று முழங்கினார். அரங்கம் உறைந்தது. தயிர்தான் உறையவில்லை.

மாலைக்குள்ளிருந்து அர்த்தநாரி மெல்ல எழுந்தார். முகத்தில் ஒரு கனிவு.

"தம்பி சொன்னது நூத்துக்கு நூறு உண்மை," என்றார்.

அந்தத் தம்பி என்ற சொல் சென்னியப்பனின் காதுக்குள் பழுக்கக் காய்ச்சிய கம்பியாக இறங்கியது.

"இதை நான் ஆரம்பத்துலயே கவனிச்சேன். எல்லா பங்காளியும் செத்துட்டா, விஷம் விட்டவன் மட்டும்தான மிஞ்சுவான்? அவனையே உறையாப் போட்டுக்கலாம்." சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து உயர்த்தினார். "நித்திய உறை. நாளையிலிருந்து எல்லாக் கடையிலயும். தக்க நேரத்துல தேவையை எடுத்துச் சொன்ன தம்பிக்கு நன்றி."

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. அவனும் பங்குனி என்றது இதற்குத்தான்.

அதன்பிறகு மாநிலம் முழுவதும் ஒரே தயிர். தஞ்சாவூரிலும் அதே ருசி, தேனியிலும் அதே ருசி. ஆம்பூர் பிரியாணிக்கு வைக்கும் தயிர்ப் பச்சடியும் திருவையாற்றுத் தயிர்சாதமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாயின. பொட்டலத்தின் பின்னால் பொடி எழுத்தில் ஒரு விதி: இந்த உறையில் ஆன தயிரையோ மாவையோ, கழகத்திடம் உரிமை வாங்கி இதை விற்கிற கம்பெனியின் அனுமதியின்றி விற்கக் கூடாது. நவமணி அனுமதி கேட்டு எழுதினாள். பெரிய ஆலைகளுக்கு மட்டும்தான் என்று பதில் வந்தது.

சென்னியப்பனுக்கு வயிற்றெரிச்சல் முற்றியது. இது உவமை இல்லை. மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்து, புண் என்றார். காரம் கூடாது, கோபம் கூடாது, நிறைய மோர் குடியுங்கள் என்றார்.

ஆனாலும் அவர் ஓயவில்லை. அர்த்தநாரியின் விஷத்துக்குச் சாகாத இன்னொரு பாக்டீரியா எங்காவது இருந்தே தீரும் என்று தேட ஆரம்பித்தார். நீலகிரியில் தோடர் குடியிருக்கும் மந்துகளிலிருந்து தயிர் வந்தது, ராமநாதபுரத்திலிருந்து வந்தது, ஜவ்வாது மலையிலிருந்து வந்தது. நூற்றுக்கணக்கான சின்னக் கிண்ணங்கள் ஆய்வகத்தில் வரிசை கட்டின. நித்தியம் ஒரு சொட்டு விட்டதும் எல்லாம் செத்தன. சித்திரை வெயிலில் ஒருநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்து, அவர் சோர்ந்து உட்கார்ந்தார். மனைவி பூங்கோதை ஒரு சொம்பு மோரைக் கொண்டுவந்து வைத்தாள். பாதி குடித்த பிறகுதான் கை நின்றது.

"இது ஏது மோரு?"

"ஏனுங்க மாமா, புளிக்குதா?"

"அந்த அர்த்தநாரி பொட்டலத்தை என்ற வீட்டுக்குள்ள விட்டுட்டியா?"

"அதை எதுக்கு வாங்கறேன்? நேத்துத் தயிர்ல ஒரு கரண்டி எடுத்து ஊத்தினதுதான்."

"பாலு?"

"பாக்கெட் பாலு."

"நித்தியம் போட்டதா?"

"போடாத பாலு இப்ப எங்கீங்க கெடைக்குது?"

சென்னியப்பன் எழுந்து நின்றார். சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நம்ம வீட்டுல இத்தனை நாளும் தயிர் உறைஞ்சுதா?"

"பின்ன நித்தம் டிபன் பாக்ஸுல வேற என்ன கட்டிக் குடுத்தேன்னு நெனைச்சீங்க?"

"உலகமே தயிர் இல்லாம அழுதுட்டு இருக்குது. ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"தயிர் உறைஞ்சுதுன்னு யாராச்சும் சொல்லுவாங்களா மாமா? உறையலீன்னாத்தான் சொல்லுவாங்க," என்றாள் பூங்கோதை. அதில் தவறு கண்டுபிடிக்க அவர் படித்த படிப்பு போதவில்லை.

அன்று மாலையே சோதித்தார்கள். நித்தியத்தை ஒரு சொட்டு விட்டார்கள், பத்துச் சொட்டு விட்டார்கள். பாக்டீரியா அசரவில்லை. மறுநாளே பத்திரிகையாளர் கூட்டம். அதற்கு லாக்டோபேசில்லஸ் சென்னியப்பி என்று இலக்கணப் பிழையில்லாமல் பெயர் வைத்தார். "ஏழு தலைமுறையாக எங்கள் குடும்பத்துப் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிக் காப்பாற்றி வந்த தயிர் இது. பானை ஓட்டில் தூங்கவில்லை; பசியாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. இதை நான் யாருக்கும் விற்கப் போவதில்லை. ஊருக்கே தருகிறேன்," என்றார். கூட்டத்துக்குக் கிளம்பும்போது பூங்கோதை, "மாமா, அந்தத் தயிரு வந்துங்க..." என்று வாயெடுத்தாள். "வந்து கேட்டுக்கறேன்" என்று அவர் காரில் ஏறிவிட்டார்.

ஊருக்கே தருவதாகச் சொன்னதைப் பெருந்தன்மை என்று எழுதினார்கள். ஊரெல்லாம் எடுத்துக்கொண்டால் அர்த்தநாரியின் பொட்டலம் விற்காது என்பதுதான் அதன் வேர். எப்படியோ, முதல் தூக்கு நவமணிக்குப் போனது. அவள் சாக்கை உருவினாள். ஒரு கரண்டித் தயிர் விட்டுக் கரைத்து வைத்த மாவு, விடிகாலையில் போசியின் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு அந்த நான்கு பெண்களுக்கும் போன் செய்தாள்.

இரண்டே வாரத்தில் அவளுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. நீ ஊற்றுவது எங்கள் உறை, கழகத்திலிருந்து திருடப்பட்டது, கடையை நிறுத்து என்றது கம்பெனி.

இயக்குநர் குணாளன் இருதரப்பையும் தன் அறைக்கு அழைத்தார். மேசைக்கு இந்தப் பக்கம் அர்த்தநாரி, அந்தப் பக்கம் சென்னியப்பன், கடைசி நாற்காலியில் நோட்டீஸை மடியில் வைத்துக்கொண்டு நவமணி. ஹசீனா நின்றபடியே சொன்னாள்.

"ரெண்டையும் எழுத்துக்கு எழுத்து வாசிச்சாச்சு சார். அர்த்தநாரியென்சிஸும் சென்னியப்பியும் ஒண்ணு. பங்காளி கூட இல்ல. ஒரே ஆளு."

"திருட்டு!" அர்த்தநாரி மேசையைத் தட்டினார். "என்ற லேப்புல நுழைஞ்சிருக்கான்."

"நானா? நீதாண்டா என்ற வீட்டுத் தயிரத் திருடிப் பானை ஓட்டுல பூசியிருக்கே!"

"உன்ற வீட்டுக்கு நான் எப்படிடா வருவேன்? செவுத்துல சில்லுப் பதிச்சதே நான்தான்!"

"அப்ப என்ற சம்சாரத்தைக் கூப்பிட்டுக் கேக்கட்டும்! நேத்துத் தயிரு, முந்தாநேத்துத் தயிருன்னு வம்சாவளியே சொல்லுவா."

பூங்கோதைக்குப் போன் போனது. சற்று நேரத்தில் ஒரு ஆட்டோ வாசலில் நின்றது. பூங்கோதை இறங்கினாள். பின்னாலேயே அர்த்தநாரியின் மனைவி சுலோச்சனா இறங்கினாள். இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டே படியேறி வந்தார்கள். ஜன்னலில் நின்ற இரண்டு விஞ்ஞானிகளின் முகத்திலும் ஒரே மாதிரியான திகைப்பு. முதன்முதலாக அவர்கள் அண்ணன் தம்பி போலத் தெரிந்தார்கள்.

"நீங்க பேசிக்குவீங்களா?" என்றார் சென்னியப்பன்.

"பேசாம? பரிவட்டம் எங்க தலையிலயா கட்டினாங்க?" என்றாள் சுலோச்சனா. "கொத்தனாரு சில்லுப் பதிக்கறப்ப, துவைக்கிற கல்லுக்கு நேரா மட்டும் வேண்டாமுன்னு நான்தான் சொன்னேன். துணி கிழியுமுன்னு."

"கல்லு மேல ஏறினா எட்டுமுங்க," என்றாள் பூங்கோதை. "எங்க தயிரு தீந்துருச்சுன்னா அக்காகிட்ட ஒரு கரண்டி வாங்கிக்குவேன். அவங்களுது கெட்டுட்டா என்கிட்ட வாங்கிக்குவாங்க. பொழுது சாஞ்சா மோரு வெளிய குடுக்கக் கூடாதில்லீங்களா? அதனால பகல்லயே, நீங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போனதுக்கப்புறம். வருசக் கணக்கா இப்படித்தான்."

"தயிர் ஒரு பக்கம் இருக்கட்டும்," என்றார் அர்த்தநாரி. "என்னோடது பானை ஓட்டுல இருந்து வந்தது. ஈராயிரம் வருசம்."

ஹசீனா தொண்டையைச் செருமினாள். "சார், ஓட்டைச் சுரண்டின அன்னிக்கு மதியம் எங்க சாப்பிட்டீங்க?"

"எங்க சாப்பிடறது? மேசையிலயேதான். வேலை நிக்கக் கூடாதுன்னு நான் எந்திரிக்கறதே இல்ல," என்றார் பெருமையாக.

"என்ன சாப்பாடு?"

சுலோச்சனா சொன்னாள்: "தயிர்சாதமுங்க. மத்தியானத்துல வேற ஒண்ணும் அவருக்கு எறங்காது. கரண்டி வெச்சாலும் கைலதான் பெசைஞ்சு சாப்பிடுவாரு."

இயக்குநர் தன் கையைத் தற்செயலாகப் பார்த்துக்கொண்டார்.

சென்னியப்பன் துள்ளி எழுந்தார். "அப்படின்னா அது என்ற வீட்டுத் தயிரு!"

"என்ற வீட்டுத் தயிருடா!"

"என்ற வீட்டுல இருந்துதான் உன்ற வீட்டுக்கு வந்துது!"

"அமைதி, அமைதி," என்று இயக்குநர் இரு கைகளையும் உயர்த்தினார். அவர் முகத்தில் மறுபடியும் மேடைக் களை வந்துவிட்டது. "பானை ஓடு போனால் போகட்டும். இது அதைவிடப் பெரியது. ஒரே குலத்தின் இரண்டு கிளைகள். ஏழு தலைமுறை. சுவரைத் தாண்டி வாழ்ந்த ஒரு பாரம்பரியம். இரண்டு குடும்பத்துக்கும் பொதுச் சொத்து என்று புதிதாக அறிவித்துவிடலாம். யாருக்கு அனுமதி கொடுப்பதாக இருந்தாலும் இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும்."

நவமணி நோட்டீஸை மேசையில் வைத்தாள். "இவங்க ரெண்டு பேரும் சேந்தா? கல்யாணப் பத்திரிகையில பேரு முன்ன பின்ன வந்ததுக்கே பத்திரிகைய மறுபடி அடிச்சவங்க. இவங்க கையெழுத்துப் போடறதுக்குள்ள என்ற கல்லு தேஞ்சு மண்ணாப் போயிருமுங்க சார். அதுக்கு இப்பவே மூடிக்கறேன்."

அப்போதுதான் பூங்கோதை கேட்டாள். "ஏழு தலைமுறைங்கறீங்களே, அது எந்தத் தயிருங்க?"

"இதே தயிருதான். நம்ம குடும்பத்துது," என்றார் சென்னியப்பன்.

"அதைத்தானுங்க மாமா அன்னைக்கே சொல்ல வந்தேன். நீங்கதான் கார்ல ஏறிட்டீங்க." அவள் சுலோச்சனாவைப் பார்த்தாள். "அக்கா, ஞாபகம் இருக்குதா? அந்தக் கோயில் நோம்பிக்கு ஒறம்பரைச் சனமெல்லாம் வந்து, ரெண்டு வீட்டுலயும் மோரு ஒரு சொட்டு இல்லாம வழிச்சு ஊத்தியாச்சு."

"ஆமா, உறைக்குக் கூட இல்ல," என்றாள் சுலோச்சனா. "முக்குக் கடையில ஒரு பாக்கெட் தயிரு எடுத்துட்டு வந்து, ஆளுக்குப் பாதியா ஊத்தினோம். அதுல இருந்து வர்றதுதானுங்க இது. ஒரு நாலஞ்சு வருசம் இருக்கும்."

இயக்குநர் பேனாவை மூடினார்.

"பாக்கெட் தயிரா?" என்றாள் நவமணி மெதுவாக. "கடைத் தயிரா? அப்ப இதுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாதில்லீங்களா?"

"முடியாது," என்றாள் ஹசீனா. "கடையில கெடந்தது. யாரு வேணும்னாலும் ஊத்திக்கலாம், யாரு வேணும்னாலும் விக்கலாம்."

நவமணி நோட்டீஸை நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். "நாளைக்குச் சரவணா ஹோட்டலுக்கு மாவு போகோணும். நான் கெளம்பறேன்," என்று யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். செருப்புச் சத்தம் படியிறங்கித் தேய்ந்தது.

அர்த்தநாரி மாலை இல்லாத தன் கழுத்தைத் தடவினார். சென்னியப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். இத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சென்னியப்பன் மெல்லத் தலையைத் தூக்கினார். கண்ணில் ஒரு கடைசிப் பொறி.

"அந்தப் பாக்கெட்டை வாங்கினது யாரு?"

"சுலோச்சனாவாத்தான் இருக்கும்," என்றார் அர்த்தநாரி உடனே. "கடை எங்க பக்கத்து முக்குலதான் இருக்குது."

"நீ சும்மா இரு. பூங்கோதை, நீதான வாங்கினே? நல்லா யோசிச்சுச் சொல்லு."

பூங்கோதை யோசித்தாள்.

"யாரும் வாங்கலீங்க மாமா. தேதி முடிஞ்ச பாக்கெட்டுன்னு கடைக்காரரு வெளிய வீசப் போனாரு. அதைத்தான் எடுத்துட்டு வந்தோம்."